மூக்கனுக்கு எழுதின ஆத்தா

"இது யார் பிள்ளை?" என்று அந்த அதிகாரி கேட்டபோது மீனம்மாளுக்கு வாய் எழவில்லை.

கேட்டது சாதாரணக் கேள்விதான். இடுப்பில் பிள்ளை இருக்கிறான். கையில் பாஸ்போர்ட்டு இருக்கிறது. அதில் அவளும் அவனும் சேர்ந்து எடுத்த போட்டோவும் இருக்கிறது. என் பிள்ளைங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த வார்த்தையைப் பதினைந்து மாதமாக அவள் வெளியே விட்டதில்லை. தூக்கத்தில்கூட வந்துவிடக் கூடாது என்று பூட்டி வைத்த வார்த்தை, அவசரத்துக்குத் திறக்க வரவில்லை. விமான நிலையக் கம்பிக்கு அந்தப் பக்கம், வழியனுப்ப வந்து நின்ற பக்கத்து வீட்டு அடைக்கலமேரியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை அதிகாரி கவனித்துவிட்டார்.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கொழும்பில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சோலையப்பன் டிக்கெட்டு எடுத்து அனுப்பியிருந்தான். வழக்கமாக அவர்கள் ரயிலில் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள். அந்த அறுபத்து நாலு மார்கழியில் அடித்த புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போய்விட்டது. ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை. பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவளுக்கு இலங்கை சர்க்கார் திரும்பி வரக் கொடுத்த கெடுவோ தை நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் அங்கே கால் வைக்காவிட்டால் பிறகு எந்தக் காலத்தில் விடுவார்களோ தெரியாது. அந்த நாளில் அங்கிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்பத்தான் இரண்டு சர்க்காரும் பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, உள்ளே விடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால்தான் ஆகாய விமானம். அதுவும் திங்களும் சனியும் மட்டும்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பிள்ளைக்குப் பத்தில் ஒரு பங்கு டிக்கெட்டு. அதற்காக வயதுக்கு அத்தாட்சி கேட்டார் விமானக் கம்பெனி குமாஸ்தா. மீனம்மாளின் அண்ணன் ஆண்டிச்சாமி, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்த பிறப்புச் சான்றைப் பெருமையோடு நீட்டினான். குமாஸ்தா அதைப் படித்தார். மறுபடி படித்தார். உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பிள்ளை பேரு மூக்கன். தகப்பன் சோலையப்பன். தாய் அடைக்கலமேரி," என்று அதிகாரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "பாஸ்போர்ட்டுல தாய் மீனம்மாள்னு இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு சம்சாரமா?"

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மீனம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள் பிள்ளை கம்பிப் பக்கம் இரண்டு கையையும் நீட்டி, "ஆத்தா, ஆத்தா" என்று துள்ள ஆரம்பித்தான். அதிகாரி குனிந்து, மீனம்மாளைக் காட்டி, இது யாரடா என்று கேட்டார். மூக்கன் அவளைத் திரும்பிப் பார்த்து, பால் பல் தெரியச் சிரித்து, "அக்கா" என்றான்.

அவள் சொல்லிக் கொடுத்ததுதான். தன் வாயாலேயே, மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தது.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அடைக்கலமேரி பொறுக்க மாட்டாமல் பேசினாள். "ஐயா, எனக்கு அம்பது வயசாச்சுங்க. எம் புருசன் செத்து எட்டு வருசம். அந்தச் சோலையப்பன் பய மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலேருந்து நான் பாக்குறேன். அவனுக்கு என்னையக் கட்டி வைக்கிறீகளே, இது நாயமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை. பெற்றவள் அங்கே நிற்கிறாள், பிள்ளை அவளிடம் போக அழுகிறது, இந்த அம்மாளை அக்கா என்கிறது, கடல் தாண்டி அனுப்பிவிட்டு நாளைக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நீங்கள் மட்டும் போகலாம், பிள்ளை போக முடியாது, இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் தயவாகச் சொன்னார். அந்தத் தயவுதான் மீனம்மாளுக்கு அதிகமாகச் சுட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது விமானம் தலைக்கு மேலே போயிற்று. மூக்கன் மட்டும் அண்ணாந்து பார்த்துக் கை தட்டினான்.

*

மீனம்மாளுக்கு இதற்கு முன்பு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று பதினோராம் நாள் போயிற்று. இன்னொன்று தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்று, ஒரே ஒரு ராத்திரிக் காய்ச்சலில் போயிற்று. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது சோலையப்பன்தான், ஊரிலேயே போய்ப் பெற்றுக்கொள் என்று அனுப்பி வைத்தான். குளத்தூருக்கு மேற்கே பூவம்பட்டியில் அண்ணன் வீடு. ஐப்பசி அடைமழையில் பிள்ளை பிறந்தான்.

தங்காத வீட்டுப் பிள்ளையை ஊரில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். முறத்தில் போட்டுக் கொல்லைக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பெற்றதெல்லாம் தங்கின கை ஒன்று வந்து அதை எடுக்க வேண்டும். அடைக்கலமேரி ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கினவள். அதோடு வேதக்காரி, சிலுவை தொங்குகிற வீடு, எமன் அந்த வீட்டுப் பக்கம் தேட மாட்டான் என்று ஊர்ப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். அவள் ஒரு படி தவிட்டைக் கொண்டுவந்து மீனம்மாள் மடியில் கொட்டிவிட்டு, குப்பையில் கிடந்த பிள்ளையை நான் தவிட்டுக்கு வாங்கிக்கொண்டேன் என்று மூன்று தரம் சொல்லித் தூக்கிக்கொண்டாள். மூக்குக் குத்தி வளையம் போட்டு, மூக்கன் என்று பேரும் வைத்தாள்.

அன்றிலிருந்து அவன் அவள் பிள்ளை. மூன்றாம் வயதில் குலதெய்வத்துக்கு முடி இறக்கித் தவிட்டைத் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் பெற்றவள் வாயிலிருந்து என் பிள்ளை என்ற சொல் வரக் கூடாது. வந்தால் தேடிக்கொண்டிருக்கிறவன் காதில் விழுந்துவிடும். மீனம்மாள் தன் மாரில் பால் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "பெரியம்மா, ஒங்க பிள்ளைக்குப் பசிக்குமே, குடுத்துட்டுப் போகவா?" என்று கேட்பாள். அடைக்கலமேரியும் விட்டுக் கொடுக்காமல், "ஆமா, எனக்குப் பால் வத்திப் போச்சு, நீதான் கொஞ்சம் குடேன்" என்பாள். விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு பேருமே விளையாடவில்லை. பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்த மாசத்தில் அடைக்கலமேரி பதினாறு ராத்திரி அவனை மார்மேல் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினாள்.

பிறப்பைப் பதிய முன்சீப்பிடம் போனபோதுதான் வினை. கிராம முன்சீப் நாகராசு பெரிய மனசுக்காரர். சர்க்கார் ரிஜிஸ்தரில் மீனம்மாள் என்று எழுதிவிட்டால் குப்பைமேட்டில் பிள்ளையை வைத்ததற்கு அர்த்தமே இல்லையே என்று அவரே சொல்லி, தாய் என்ற இடத்தில் அடைக்கலமேரி என்று முத்து முத்தாக எழுதினார். தகப்பன் பேரை மாற்ற மட்டும் ஆண்டிச்சாமிக்கு மனசு வரவில்லை. நாளைக்கு நிலம் நீச்சு என்று வந்தால் வேண்டுமே என்றான். அதையும் எழுதினார். அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். பாஸ்போர்ட்டில் பிள்ளையைச் சேர்த்தது கொழும்பில் சோலையப்பன் எழுதிக் கொடுத்த சத்தியக் கடுதாசியை வைத்து. அதனால் இந்தச் சான்றை யாரும் அதுவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மீனம்மாள் முன்சீப்பின் களத்துக்குப் போனாள். பின்னாலேயே அண்ணனும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடைக்கலமேரியும் போனார்கள். பனி இன்னும் விலகவில்லை. குளத்துப் பாசன நெல் முக்கால்வாசி அறுத்தாகிவிட்டது. ஆட்கள் கதிர்க்கட்டை ஓங்கி ஓங்கி அடிக்க, நெல் தெறித்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முன் தூற்றிவிட வேண்டும் என்று முன்சீப் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே காற்றுப் பார்த்து நின்றார்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ரிஜிஸ்தரில் அடித்து எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. தாசில்தார் உத்தரவு வேண்டும். தாசில்தாரிடம் போனால், தெரிந்தே பொய் எழுதினாயா என்று முதலில் அவர் வேலைதான் போகும். நாளைக்குப் போகி, மத்தியானத்தோடு ஆபீஸைப் பூட்டினால் பொங்கல் முடிந்துதான் திறப்பார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சுலபமான வழி ஒன்றையும் அவரே சொன்னார். பிள்ளை மேரியிடம் இருக்கட்டும், காகிதமும் அப்படித்தானே சொல்கிறது, மீனம்மாள் மட்டும் சனிக்கிழமை போகட்டும், முடி இறக்குகிற வயசில் வந்து கூட்டிக்கொள்ளட்டும்.

ஆண்டிச்சாமிக்கும் அதுதான் சரி என்று பட்டது. "அவரு சொல்றதுல தப்பில்லை, மீனா. வாக்கைப் பாதியில முறிச்சு, எம் புள்ளைன்னு ஆபீஸ்ல போய்ச் சத்தம் போட்டுச் சொல்லி, நாளப்பின்னே புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு? உசுரோட இங்கிட்டு இருந்தாப் போதாதா?"

மீனம்மாள் அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசினவள் இல்லை. களத்து ஆட்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படியாக அன்றைக்குப் பேசினாள்.

"எமனை ஏமாத்தணும்னு சொன்னீக, சரின்னேன். குப்பையில வையின்னீக, வச்சேன். எம் பாலைக் குடிக்கிற பயலுக்கு என்னைய அக்கான்னு கூப்பிடச் சொல்லிக் குடுன்னீக, குடுத்தேன். தாய்ப் பேரை எழுதுறப்ப ஒருத்தராச்சும் என்னைய வந்து கேட்டீகளா? ஒரு வார்த்தை? நீங்க மூணு ஆம்பளைக" — சோலையப்பனையும் சேர்த்துத்தான் சொன்னாள் — "ஒங்க இஷ்டத்துக்கு எழுதினீக. எழுதின கை எல்லாம் சும்மா இருக்கு. அத்தனை பேருக்கு முன்னால ரெண்டாஞ் சம்சாரமான்னு கேட்டது என்னைய. திருடி மாதிரி வெளிய வந்தது நானு. இப்பப் புள்ளையையும் விட்டுட்டுப் போன்னு அதே வாயால சொல்றீக."

நாகராசு, நல்லதுக்குத்தானே அம்மா செய்தேன் என்றார். அவள் அதற்கும் விடவில்லை. "நல்லதுக்குன்னு எழுதின மாதிரி, நல்லதுக்குன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க. வேலை போகும்னு பயமா இருந்தா, எனக்கு ரெண்டு புள்ளை போயிருக்கு. அந்தப் பயத்தையும் ஒருக்கா நெனச்சுப் பாருங்க."

அடைக்கலமேரி பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நான் வாரேன், மீனா" என்றாள். "கையெழுத்தோ கைநாட்டோ, எங்க போடச் சொன்னாலும் போடுறேன். முன்சீப்பு வரலைன்னா அவரு களத்துலயே ஒக்காந்துருவேன். பொங்கலுக்கு எனக்கும் சேத்து ஒல வைக்கட்டும்."

*

புதன்கிழமை காலையில் தாலுகா ஆபீஸில் பாதி நாற்காலி காலி. குமாஸ்தாக்கள் வெல்லமும் கரும்பும் கட்டி வைத்துவிட்டு மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குப் போனவர்களைப் பன்னிரண்டரைக்குத்தான் உள்ளே விட்டார்கள். அதற்குள் மீனம்மாள் பிள்ளைக்கு இரண்டு தரம் பால் கொடுத்துவிட்டாள். அடைக்கலமேரி கொண்டுவந்திருந்த கம்பஞ்சோற்றை யாரும் தொடவில்லை. முன்சீப் நாகராசு கடைசி நேரத்தில், ரிஜிஸ்தரைத் துணியில் சுற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

தாசில்தார் முழுவதையும் கேட்டார். நாகராசுவை இரண்டு நிமிஷம் நிற்க வைத்துப் பேசினார். அந்த இரண்டு நிமிஷத்தில் நாகராசு இரண்டு அங்குலம் குறைந்துபோனார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும் என்று தாசில்தார் சொன்னார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, இரண்டு பேரும் தனித்தனியாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும், என் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுதி வாசித்துக் காட்டுவார்கள், ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தால் இன்றைக்கே உத்தரவு போடுகிறேன் என்றார்.

மீனம்மாள் முன்னால் வந்தாள். வாசலில் நின்ற ஆண்டிச்சாமி கண்ணை மூடிக்கொண்டான். மேஜைக்கு மேலே சின்ன ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. சொல்கிற வார்த்தை அது வழியாக எமன் காதுக்குப் போய்விடுமோ என்று அவளுக்குத் தோன்றியது. சுவரைப் பிடித்து நின்ற அந்த இரண்டாவது பிள்ளையின் கால் ஒரு கணம் கண்ணுக்குத் தெரிந்தது.

"சொல்லுங்கம்மா. யார் பிள்ளை?"

"எம் புள்ளை" என்றாள். சத்தம் வரவில்லை. கேட்கவில்லை என்றார் குமாஸ்தா. அந்தக் கேட்கவில்லைதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். "எம் புள்ளைங்க. நான் பெத்தது. எந்தக் காதுக்குக் கேக்கணுமோ கேக்கட்டும்," என்று வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி சொன்னாள்.

எழுதினார்கள், வாசித்தார்கள், அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்தது அடைக்கலமேரி. பிள்ளை அவள் இடுப்பில்தான் இருந்தான். அவள் கழுத்துச் சிலுவையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தீர்களா என்று குமாஸ்தா குழப்பிக் கேட்க, "குடுக்கலைங்க, வாங்கினேன். ஒரு படி. நல்ல சம்பாத் தவிடு" என்று பதில் சொன்னாள். தாசில்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் கேட்டார்:

"அப்போ இது உங்க பிள்ளை இல்லையே?"

அவ்வளவு வாய் பேசுகிறவள் பிள்ளையை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். மீனம்மாள் அவளைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தாள்.

"நான் பெக்கலைங்க" என்றாள் அடைக்கலமேரி.

"உங்க பிள்ளை இல்லைன்னு எழுதணும்மா. அப்படித்தான் எழுத முடியும்."

"என்ன கேள்விங்க இது?" அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "பெத்தவளை நீ பெத்தியான்னு கேக்குறீக, செரி, தப்பு எங்க மேல. வளத்தவளை ஒன் புள்ளை இல்லைன்னு சொல்லச் சொல்றீகளே, அது எந்தச் சட்டத்துல இருக்கு?"

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். வேறு மாதிரி எழுத இடமில்லை என்று மெல்லச் சொன்னார். அடைக்கலமேரி பிள்ளையை இறக்கி மீனம்மாளிடம் கொடுத்தாள். சிலுவை அவன் வாயிலிருந்து நழுவியது. "எழுதுங்க. இல்லைன்னு எழுதுங்க" என்றாள். கட்டை விரலில் மையைத் தடவி, காகிதம் கிழியும்படி அழுத்தி வைத்தாள்.

*

சனிக்கிழமை அடைக்கலமேரி விமான நிலையத்துக்குள் வரவில்லை. என்னைப் பார்த்தால் மறுபடி ஏதாவது சந்தேகம் கிளம்பும் என்று சொல்லி, ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டாள். பொங்கலன்று குலதெய்வத்துக்கு முன்னால் மீனம்மாள் அவசரமாகத் திருப்பிக் கொடுத்த ஒரு படி தவிட்டை வாங்கிக்கொண்டு, மூக்கனை முறைப்படி திருப்பிக் கொடுத்திருந்தாள். மீனம்மாள் அவள் காலைத் தொடப் போனபோது, "போ, போ, வண்டி நிக்காது" என்று விரட்டினாள். பிள்ளைக்கு அவள் முத்தம்கூடக் கொடுக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதே அதிகாரி புது உத்தரவைப் படித்தார். தாசில்தார் முத்திரையைத் தடவிப் பார்த்தார். மன்னிக்க வேண்டும், என் கடமையைத்தான் செய்தேன் என்றார். மீனம்மாள் அவருக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டாள். கோபப்படுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. மன்னிப்பதற்கும் அவளுக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

விமானம் ஓடி எழும்புகிற வரைக்கும் மூக்கன் பேசாமல் இருந்தான். நிலம் கீழே போனதும் காது அடைத்திருக்க வேண்டும். பால் கொடுத்தாள், குடிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், ஒவ்வொரு முகமாகத் தேடினான். தேடினது இல்லை என்று தெரிந்ததும் ஆரம்பித்தான். ஆத்தா, ஆத்தா என்று உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினான். விமானத்துப் பெண் மிட்டாய் கொண்டுவந்தாள். அதைத் தட்டிவிட்டான். வயல்களும் குளங்களும் தீர்ந்து, கடலும் வந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை.

பக்கத்து இருக்கையில் கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர். அரை மணி நேரமாகப் பத்திரிகையை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தவர் கடைசியில் பொறுமை இழந்துவிட்டார். "ஏம்மா, ஆத்தா மடியிலேயே இருந்துக்கிட்டு ஆத்தா ஆத்தான்னு இந்தக் கத்துக் கத்தினா எப்படி? பெத்தவளுக்கு ஒரு பிள்ளையை அமர்த்தத் தெரியாதா? வாயைப் பொத்தும்மா கொஞ்சம்."

மீனம்மாள் பிள்ளையின் முதுகில் இருந்த கையை எடுக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொத்த மாட்டேங்க" என்றாள். "அவன் ஆத்தாளை விட்டுட்டு வாரான். அழுகட்டும்."